தன்பொருளெதிரி: முடக்குவாத றிப்போட்டில் வரும் சொல்

திருகோணமலையில் 'வாதம்' என்ற ஒற்றைச் சொல் பல நோய்களைச் சுமக்கிறது. ஒரு பக்கம் இழுத்துப் போனால் பாரிசவாதம். பிள்ளைக்குத் தொண்டைநோவு மாறியபின் காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் வாதக்காய்ச்சல். விடிந்து ஒரு மணித்தியாலமாகியும் விரல் மடங்காமல், இடியப்ப உரலைப் பிழிய முடியாமல் இருந்தால் அதுவும் வாதம்தான். இந்த மூன்றாவதற்கு உரிய பெயர் முடக்குவாதம். றூமற்றோயிட் ஆத்திரைற்றிஸ் என்ற பெயரை 1859இல் இட்டவர் இங்கிலாந்து மருத்துவர் ஆல்பிரட் கரொட். 'றூமா' என்றால் கிரேக்கத்தில் ஒழுகுதல்; கெட்ட நீர் மூட்டுக்குள் ஒழுகி இறங்குகிறது என்பது பழைய நம்பிக்கை.

இந்த நோய்க்காக இரத்தத்தில் தேடப்படுவது 'ஒட்டோ அன்ரிபொடி'. அன்ரிபொடிக்கு மூலம், போல் ஏர்லிக் 1891இல் எழுதிய 'அன்ரிகோர்ப்பர்' என்ற ஜேர்மன் சொல். நம் பாடநூல்கள் அதைப் பிறபொருளெதிரி என்கின்றன. பிறபொருளை, அதாவது வெளியிலிருந்து வந்த கிருமியை, எதிர்ப்பது. அருமையான ஆக்கம். சிக்கல் 'ஒட்டோ' சேரும்போது வருகிறது. கிரேக்கத்தில் 'தான்' என்று பொருள்படும் அதை அப்படியே முன்னால் ஒட்டித் 'தன்பிறபொருளெதிரி' என்றால், தன்னுடையதா பிறருடையதா என்று சொல்லே தடுமாறுகிறது. இந்தப் புரதம் எதிர்ப்பது பிறபொருளை அல்ல, உடம்பின் சொந்தப் பொருளை. ஆகவே 'பிற' இருந்த இடத்தில் 'தன்' வரவேண்டும்: தன்பொருளெதிரி. படிப்பவருக்கு நோயின் இயல்பும் அந்தச் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது.

முடக்குவாதத்தில் இரண்டு தன்பொருளெதிரிகள் முக்கியமானவை. மூத்தது ஆர்.எவ்., றூமற்றோயிட் பக்ரர். நோர்வேயின் எரிக் வாலர் 1940இல் கண்டு எழுதியது. பிறபொருளெதிரி 'வை' எழுத்து வடிவம். இரண்டு கை, ஒரு கால். ஆர்.எவ். பற்றுவது இன்னொரு பிறபொருளெதிரியின் காலை. இதை 'முடக்குவாதக் காரணி' என்று பெயர்ப்பதை நாம் கைவிட வேண்டும். தமிழ்க் காதுக்குக் காரணி என்றால் காரணம். றிப்போட்டில் அதைக் கண்டவர் நோயின் வேரே பிடிபட்டுவிட்டதாக எண்ணுகிறார். அது அழற்சியைக் கூட்டக்கூடியது, ஆனால் நோயின் மூலம் அல்ல. முதியவர்களில், நோயே இல்லாமலும் தென்படும். ஈரல் அழற்சி சி, காசநோய், தொழுநோய், கண்ணும் வாயும் வரளும் ஷோக்ரன் நோய் ஆகியவற்றிலும் வரும். குருதிக் குறிகாட்டி என்பதே அதற்குப் பொருத்தம்.

இளையது அன்ரி சி.சி.பி., சிற்றுலின் கொண்ட புரதத் துண்டை எதிர்ப்பது. இதன் நடுவில் உள்ள 'சி' சிற்றுலின். வத்தகப்பழத்திலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த அமினோ அமிலம் இது; அப்பழத்தின் இலத்தீன் பெயரான சிற்றுலஸிலிருந்து பெயர் வந்தது. வத்தகப்பழம் தின்றால் நோய் வரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். புரதத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை உடம்பின் நொதியமொன்று அந்த இடத்திலேயே சிற்றுலினாக மாற்றுகிறது. சிகரெட் புகையும் முரசு நோயும் அந்த மாற்றத்தைத் தூண்டுகின்றன. மாறிய புரதத்தை உடம்பு அந்நியமாகக் காண்கிறது. அன்ரி சி.சி.பி. நோயாளிகளில் 100க்கு ஏறத்தாழ 67 பேரில் காணப்படும், ஆர்.எவ். 69 பேரில். நோய் இல்லாதவரை 'இல்லை' என்று சரியாக விலக்குவதிலோ அன்ரி சி.சி.பி. 95, ஆர்.எவ். 85. நம்பிக்கை எதில் கூட என்பது தெளிவு. மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இவை இரத்தத்தில் தோன்றலாம்.

சிறிய ஆய்வுகூடங்களில் ஆர்.எவ். பார்ப்பது பெரும்பாலும் லேற்றெக்ஸ் முறையில். கறுப்பு வட்டத்தில் ஒரு துளி சீரம் (இரத்தத்தின் தெளிநீர்), அதன்மேல் ஒரு துளி வெள்ளை லேற்றெக்ஸ், அதாவது பிறபொருளெதிரி பூசிய நுண்மணிகள் கலந்த நீர். குச்சியால் கலந்து தட்டை 2 நிமிடம் சுழற்றினால், ஆர்.எவ். உள்ள துளி தயிர் திரைந்ததுபோல் மணிமணியாகப் பிரியும். இல்லாதது பாலாகவே இருக்கும். பிழை இந்த 2 நிமிடத்தைத் தாண்டும்போது நுழைகிறது. திருமலை வெக்கையில் மின்விசிறிக் காற்றுப்பட்டுத் துளியின் ஓரம் காய்ந்தால் அதுவும் மணிபோலத் தெரியும், பொய்யான பொசிற்றிவ். லேற்றெக்ஸைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றக்கூடாது, அறை வெப்பத்துக்கு வரவேண்டும். ஆர்.எவ். மிக அதிகமானாலும் மணி கட்டாமல் போவதுண்டு. ஐமிச்சமிருந்தால் சீரத்தை 1:2, 1:4, 1:8 என்று ஐதாக்கிப் பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை.

2010ஆம் ஆண்டின் சர்வதேச அளவுகோலில் இரு குறிகாட்டிகளும் இல்லையென்றால் 0 புள்ளி. ஒன்றாவது மேல் எல்லையைத் தாண்டி அதன் 3 மடங்குக்குள் இருந்தால் 2, அதற்கும் மேலென்றால் 3. எல்லை 20 என்று ஆய்வுகூடம் போட்டிருந்தால் 60 வரை 2 புள்ளி, 61க்கு 3. பாதித்த மூட்டுகளின் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி., 6 வாரமாக நீடிப்பது ஆகியவற்றையும் கூட்டி 10க்கு 6 வந்தால்தான் முடக்குவாதம் என வகுப்பர். இரண்டும் நெகற்றிவ்வாக இருந்தும் நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். சிக்குன்குனியாவுக்குப் பின்னான மூட்டு நோ மாதக்கணக்கில் இதே உருவில் வரும் என்பதையும் மறக்கக்கூடாது.

கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் விறைப்புத் தளரும். சூட்டுக்கு அந்தக் குணம் உண்டு. தன்பொருளெதிரியை அது தொடாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஆர்.எவ்.வைத் திரும்பத் திரும்ப எடுப்பதும் வீண் செலவு; அதற்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போதும். முதல் றிப்போட்டில் உள்ள எண்ணையும் அதன் பக்கத்தில் அந்த ஆய்வுகூடம் அச்சிட்ட மேல் எல்லையையும் சேர்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஆர்.எவ். 'பொசிற்றிவ்' என்று மட்டும் எழுதியிருந்தால், உண்மையில் எண் 3 மடங்கைத் தாண்டியிருந்தாலும் அந்த அளவுகோலின்படி 2 புள்ளிதான் கிடைக்கும்.