25 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை 4 சதவீதம்

அமெரிக்காவில் வீடு தேடும் நம் குடும்பங்கள் பல, சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே பக்கத்துப் பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்துவிடுகின்றன. 2,000 பேர் படிக்கும் பள்ளி என்றால் அந்த எண்ணுக்கு ஓரளவு மதிப்பு உண்டு. மொத்தமே 110 பேர் படிக்கும் சிறிய அரசு உயர்நிலைப் பள்ளியை அதே எண்ணை வைத்து எடைபோட்டால் கணக்கு பிசகும்.

2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி, 9 முதல் 12-ஆம் வகுப்புக்குள் கணிதத்துக்கும் வாசிப்புக்கும் ஒரே ஒருமுறை மாநிலத் தேர்வு நடத்தினால் போதும். பல மாநிலங்கள் அதை 11-ஆம் வகுப்பில் வைக்கின்றன. ஆக, 110 பேர் பள்ளியின் தேர்ச்சி என்று நாம் பார்ப்பது அந்த ஆண்டு தேர்வெழுதிய சுமார் 25 பேருடைய தேர்ச்சிதான். அதில் ஒருவர் 4 சதவீதம். 20 பேர் தேறினால் 80. 17 பேர் என்றால் 68. 23 பேர் என்றால் 92. பாடம் நடத்தியதில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு பள்ளி இந்த ஆண்டு 68-ம் அடுத்த ஆண்டு 92-ம் காட்டலாம். மாநிலத் தரவரிசையின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே நெருக்கியடித்து நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். உச்சியில் இருப்பவற்றை மட்டும் பார்த்து, ‘பள்ளி சிறிதாக இருந்தாலே படிப்பு நன்றாக இருக்கும்’ என்று நினைப்பது எளிது. கேட்ஸ் அறக்கட்டளை சிறிய உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பெரும் பணம் செலவிட்டது. அவற்றில் பலவற்றில் மாணவர்களின் தேர்ச்சி குறிப்பிடும்படி உயரவில்லை என்று 2009-இல் பில் கேட்ஸே எழுதினார்.

எனவே ஓராண்டுச் சதவீதத்தை நம்பாமல் மூன்று ஆண்டுகளின் தலைக்கணக்கை எடுங்கள். சதவீதங்களைச் சராசரி போடக் கூடாது. தேறியவர்களைத் தனியாக, எழுதியவர்களைத் தனியாகக் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும். 17/25, 23/25, 20/24 என்றால் 60/74, அதாவது 81 சதவீதம். அப்போதும் ஐந்தாறு புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

தேர்வு எழுதாதவர்கள் இன்னொரு சிக்கல். 95 சதவீதம் பேர் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. 30 பேரில் ஒருவர் வராவிட்டால் 96.7, இருவர் வராவிட்டால் 93.3, விதி மீறியாயிற்று. வராதவர்கள் அதிகமானால் வகுக்கும் எண்ணையும், எழுத வேண்டியவர்களில் 95 சதவீதத்துக்குக் கீழே இறக்க முடியாது. அந்த 30 பேரில் 26 பேர் எழுதி 20 பேர் தேறினால் 77 சதவீதம் என்று நாம் கணக்குப் போடுவோம். அறிக்கையில் 28.5-ஆல் வகுத்து 70 என்று வரும். காய்ச்சலில் படுத்த நான்கு பிள்ளைகள் ஒரு பள்ளியின் பெயரை இவ்வளவு அசைக்க முடியும்.

கிராஜுவேஷன் விகிதத்தில், அதாவது உயர்நிலைப் பள்ளியை முடிப்போர் கணக்கில், நடப்பது இதைவிட வேதனையானது. 9-ஆம் வகுப்பில் முதன்முறை சேர்ந்தவர்கள், இடையில் வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே அணி. நான்கு ஆண்டுகளில் வழக்கமான டிப்ளமா வாங்கியவர்களை மட்டுமே தேறியவர்களாக எண்ணுவார்கள். பள்ளியை முடிக்காதவர்கள் அதற்கு ஈடாக எழுதும் ஜிஇடி தேர்வு கணக்கில் வராது. ஐந்தாம் ஆண்டில் முடிக்கும் பிள்ளையும் நான்காண்டு விகிதத்தில் வராது. வேறு பள்ளிக்குப் போன மாணவரை அணியிலிருந்து நீக்க எழுத்துச் சான்று வேண்டும். ஒரு குடும்பம் சொல்லாமல் வேறு மாநிலத்துக்குக் குடிபோய், அங்கிருந்து மதிப்பெண் பதிவு கேட்டுக் கடிதமும் வராவிட்டால், அங்கே நன்றாகப் படிக்கும் பிள்ளை இங்கே ‘முடிக்காதவர்’. 24 பேர் அணியில் உண்மையிலேயே படிப்பை விட்டவர்கள் 5, காகிதம் இல்லாமல் போனவர்கள் 3 என்றால் 8 பேர், மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு முடிக்காவிட்டாலே கூடுதல் உதவி தேவைப்படும் பள்ளிகளின் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். ஊர் மாறும் பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். புதிய பள்ளி பதிவேட்டைக் கேட்டதா என்றும் விசாரியுங்கள்.

இனி மாணவர் விவரம். ‘ஏழை மாணவர் இத்தனை சதவீதம்’ என்ற எண் பெரும்பாலும் மதிய உணவுச் சலுகையிலிருந்து வருகிறது: குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை இலவசம், 185 வரை குறைந்த விலை. பதின்ம வயதுப் பிள்ளைகளில் பலர் கூச்சத்தில் அந்தப் படிவத்தை வீட்டுக்கே கொண்டுபோவதில்லை. அதனால் உயர்நிலைப் பள்ளியில் இந்த எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். பள்ளி முழுவதற்கும் இலவச உணவு தரும் திட்டத்தில் சேர்ந்த பள்ளியில் படிவமே கிடையாது; சில பட்டியல்களில் அது 100 சதவீதம் என்று நிற்கும். அந்தத் திட்டத்தில் சேர, படிவம் இல்லாமலே இலவச உணவுக்குத் தகுதி பெறும் மாணவர்கள் குறிப்பிட்ட பங்கு இருக்க வேண்டும்; 2023-இல் அந்த வரம்பு 40-லிருந்து 25 சதவீதமாகக் குறைந்ததால், இப்படிப்பட்ட 100-கள் கூடலாம். ஊர் ஏழையாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

‘ஆங்கிலம் கற்போர்’ வரிசையின் தேர்ச்சி எப்போதும் தாழ்ந்தே இருக்கக் காரணம் உண்டு: மொழி கைவந்த பிள்ளைகள் அந்த வரிசையை விட்டு வெளியேறுகிறார்கள், புதிதாக வந்தவர்கள் உள்ளே வருகிறார்கள். ‘ஆசியர்’ என்ற கட்டத்தில் நம் பிள்ளையும் வியட்நாமியப் பிள்ளையும் ஒரே எண்தான்.

சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். அது பூஜ்யம் அல்ல. குழு மிகச் சிறியது, எண்ணைப் போட்டால் எந்தப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் மறைத்திருக்கிறார்கள். கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று பக்கத்துக் கட்டத்தையும் மறைப்பதுண்டு.

பள்ளிக்கு நேரில் போனால் ரேட்டிங்கைப் பற்றிக் கேட்காதீர்கள். அல்ஜீப்ரா 1 முதல் கால்குலஸ் வரை எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். ஒருவரே என்றால், அவர் விலகினால் கால்குலஸ் வகுப்பு என்ன ஆகும் என்றும் கேளுங்கள். ‘11 மாணவருக்கு ஓர் ஆசிரியர்’ என்று போட்டிருந்தாலும் அல்ஜீப்ரா வகுப்பில் 24 பேர் இருக்கலாம், வகுப்பின் அளவை நேரடியாகக் கேளுங்கள். 180 நாள் ஆண்டில் 18 நாளும் அதற்கு மேலும் வராதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். சதவீதம் சொன்னால், தலைக்கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.