முதல்நாள் எறிவாளர்: ‘ஓப்பனிங் டே ஸ்டார்ட்டர்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

அமெரிக்க பேஸ்பாலில், ஓர் அணி ஆண்டுப் பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கத் தேர்ந்தெடுக்கும் பிட்சரை, அதாவது மட்டையாளரை நோக்கிப் பந்தை விடுபவரை, ‘ஓப்பனிங் டே ஸ்டார்ட்டர்’ என்பார்கள். இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தொடக்க நாள் தொடக்கப் பந்துவீச்சாளர்’ என்றாகும். தொடக்கம் இருமுறை வந்து இடறுவது ஒருபுறமிருக்க, ‘பந்துவீச்சாளர்’ என்பதும் இங்கே பொருந்தவில்லை.

கை வீசி நடக்கிறோம், வாள் வீசுகிறோம், வலை வீசுகிறோம். வீசுதலில் கை ஒரே வாக்கில் சுழல்கிறது. முழங்கையை மடக்கி, விசையோடு நீட்டி, குறிபார்த்து விடுவது எறிதல். அதனால்தான் ஈட்டி எறிதல் என்கிறோம், ஈட்டி வீச்சு என்பதில்லை. கிரிக்கெட்டில் இந்த வேறுபாடு விதியாகவே நிற்கிறது. 1995 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் முத்தையா முரளிதரனின் பந்துகளை நடுவர் டாரல் ஹேர் ‘நோ-பால்’ என்றதற்குக் காரணம், முரளிதரன் வீசவில்லை, எறிகிறார் என்று ஹேர் கருதியதே. கிரிக்கெட்டில் குற்றமாக எண்ணப்படுவது பேஸ்பாலில் தொழில். ஆகவே பிட்சர் என்பவர் எறிவாளர்.

வேடிக்கை என்னவென்றால், ‘பிட்ச்’ என்ற ஆங்கில வினை இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தபோது எறிதலுக்கு நேர் எதிரான பொருளையே தாங்கி நின்றது. கூடாரத்தை ஊன்றுவதற்கும் பயன்படும் அந்தப் பழைய சொல், நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் பேஸ்பால் மன்றம் 1845இல் எழுதிய விதிகளில், பந்தை ‘பிட்ச்’ செய்ய வேண்டும், எறியக் கூடாது என்ற கட்டளையாக வருகிறது. அக்காலத்தில் கையைத் தாழ்த்தியே பந்தை விட்டார்கள். பின்னர் விதிகள் படிப்படியாகத் தளர்ந்து, 1884இல் நேஷனல் லீக் என்ற தொழில்முறை அணிகளின் அமைப்பு கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி எறியவும் இசைந்தது. செயல் மாறியது, சொல் மாறவில்லை. ஜப்பானியர் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் பிட்சரை ‘தோஷு’, அதாவது எறிபவர், என்றும், பருவத்தின் முதல் ஆட்டத்தில் எறிபவரை, திரை விலகுவதைக் குறிக்கும் ‘கைமகு’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘கைமகு தோஷு’ என்றும் அழைக்கிறார்கள்.

‘ஸ்டார்ட்டர்’ என்ற அடைக்குத் தொடக்க காலத்தில் தேவையே இருக்கவில்லை, ஏனெனில் பெரும்பாலும் ஒருவரே ஆட்டம் முழுவதும் எறிந்தார். இடையில் மாற்று எறிவாளரை இறக்கும் வழக்கம் பெருகிய பிறகே தொடங்குபவரைத் தனியாகச் சுட்ட வேண்டியதாயிற்று. இன்று 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஐவர் முறைவைத்து எறிவதே பொதுவான வழக்கம். அவர்களுள் முதல் ஆட்டம் யாருக்கு என்பதை மேலாளர் முடிவு செய்கிறார். ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் நடக்கும் வசந்தகாலப் பயிற்சியின்போதே நாளைப் பின்னோக்கி எண்ணி, தொடக்க நாளன்று அவருடைய தோள் போதிய ஓய்வோடு இருக்கும்படி முறையை அமைத்துக்கொள்வார். கணக்கில் அது 162இல் ஓர் ஆட்டம்தான் என்றாலும், எறிவாளர்கள் அதைப் பட்டம் போலவே கருதுகிறார்கள். டாம் சீவர் 16 முறை அந்த இடத்தைப் பெற்றது, அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீகில் சாதனை. ஜாக் மோரிஸ் 1980 முதல் 1993 வரை தொடர்ந்து 14 ஆண்டுகள் பெற்றார்.

அந்தத் தேர்வு கடைசி நேரத்தில் கைமாறுவதும் உண்டு. 1981இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி குறித்து வைத்திருந்த ஜெர்ரி ராய்ஸுக்குக் கெண்டைக்கால் தசையில் காயம் ஏற்பட்டது. அதுவரை மேஜர் லீகில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியிராத, 20 வயதான ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவிடம் பந்து போயிற்று. ஹூஸ்டன் அணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் அவர் 2-0 என்று வென்றார். சிறந்த எறிவாளருக்கு வழங்கப்படும் சை யங் விருதும் அந்த ஆண்டு அவருக்கே கிடைத்தது.

அணியின் தலைசிறந்த எறிவாளரைக் குறிக்கும் ‘ஏஸ்’ வேறு சொல். அதற்கு ‘முதன்மை எறிவாளர்’ போதும். ராய்ஸுக்குப் பதிலாக இறங்கிய அன்று வலென்சுவேலா முதல்நாள் எறிவாளர் மட்டுமே, முதன்மை எறிவாளர் அல்லர். 2018இல் டாம்பா பே ரேஸ் அணி பரப்பிய ‘ஓப்பனர்’ முறை இன்னும் விலகியது. அதில் ஒருவர், ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் எறிந்துவிட்டு, நீண்ட நேரம் எறிபவருக்கு இடம் விடுகிறார். இவரை ‘முன்னெறிவாளர்’ எனலாம். ‘தொடக்க எறிவாளர்’ என்பதை எந்த ஆட்டத்தையும் தொடங்குபவருக்குப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு மட்டும் ‘முதல்நாள் எறிவாளர்’ என்று எழுதினால் நான்கும் ஒன்றோடொன்று மயங்கா.