சட்டப்படல்: பாலத்துக்குள் ஒரு படலை

உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்த எவருக்கும் "இலேசான கோல்களாலான சட்டப்படல்" என்று தொடங்கும் கணக்கு நினைவிருக்கும். போ (Bow) என்பவரின் குறியீட்டைப் போட்டு, தகைப்பு வரிப்படம் கீறி, எந்தக் கோலில் இழுவை (கோலை இழுக்கும் விசை), எந்தக் கோலில் உதைப்பு (கோலை அமுக்கும் விசை) என்று எழுதினால் புள்ளி. அந்தக் கோல்களைப் பெருப்பித்து ஆற்றுக்கு மேலே வைத்தால் பாலம் என்று வகுப்பில் சொல்பவர் குறைவு. வெளியே வந்தால் அதே பொருளுக்கு ஊரில் "இரும்புப் பாலம்" என்று பெயர். பொறியியல் படித்தவர் "ட்ரஸ்" என்பார்.

ட்ரஸ் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். கட்டு, பொதி என்பது அதன் முதற் பொருள். ஆங்கிலத்தில் வைக்கோற்கட்டையும் குடலிறக்கத்துக்கு அணியும் பட்டியையும் இச்சொல்லால் குறித்தார்கள். பிணைத்துக் கட்டிய கூரைமரச் சட்டத்துக்கும் அதுவே பெயரானது. பாலத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

தமிழ்ச் சொல்லில் சட்டம், படல் என இரண்டு உறுப்பு. சட்டம் இங்கே நீதிமன்றத்துச் சட்டமல்ல, மரத்தாலோ உலோகத்தாலோ ஆன விளிம்புக் கட்டு. படல் என்பது தடியும் ஓலையும் பின்னிய மறைப்பு. வன்னியில் வேலிக்குப் போடும் படலை அதன் உறவுதான். படலை கட்டியவருக்குப் பாலத்தின் சூத்திரத்தைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நாலு தடியை நீள்சதுரமாகப் பூட்டித் தொங்கவிட்டால், ஒரு மாரி போவதற்குள் ஆடுகாலின் பக்கம் தாழ்ந்து மூலை நிலத்தை உரசும். மூலைக்கு மூலை ஒரு தடியைச் சாய்த்து அறைந்துவிட்டால் நிற்கும். நாற்கோணம் பக்கங்களின் நீளம் மாறாமலே சரியக்கூடியது, முக்கோணம் அப்படிச் சரியாது. பாலத்தில் முக்கோணங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சாய்கோல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. அமெரிக்காவில் 1840 இல் வில்லியம் ஹவ் காப்புரிமை பதிந்த வகையில் சாய்கோல்கள் உதைப்பைத் தாங்கும், நிலைக்கோல்கள் இழுபடும். 1844 இல் பிராட் தந்தையும் மகனும் அதைத் தலைகீழாக்கினார்கள். இழுபடும் கோல் மெலிந்திருந்தாலும் வளையாது என்பதால் நீண்ட சாய்கோலை ஒல்லி இரும்பிலேயே போடலாம். 1848 இல் பிரித்தானியாவில் வாரன் பதிந்தது இருபக்கமும் சமமாய்ச் சாய்ந்த முக்கோணங்கள், நம் பரீட்சைத்தாளில் அடிக்கடி வருகிற உருவம்.

அமெரிக்க நாட்டுப்புற வீதிகளில் பிராட் வகைப் பாலங்கள் ஏராளமாக இருந்தன. இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. குதிரைவண்டிக்குக் கட்டிய ஒற்றை வழிப்பாதையில் இன்றைய வெட்டுமெசின் நுழையாது, பாரமும் தாங்காது. இன்னொன்று, இவற்றில் பலவற்றில் ஒரு முக்கிய கோல் அறுந்தால் தாங்க வேறு கோல் இல்லை. 2013 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றுப் பாலத்தின் மேற்கோல்களில் அளவு மீறிய பாரவண்டி ஒன்று இடித்தது. தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட ஒரு முழுக் கண் ஆற்றில் விழுந்தது, நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. தறையாணி பூட்டிய பாலமென்றால் திருத்துவதும் கஷ்டம். சிவக்கக் காய்ச்சி அடித்துத் தலை விரிக்கிற அந்த வேலை தெரிந்தவர் அருகிவிட்டார்.

வன்னியில் சட்டப்படல் என்றால் கண்முன் வருவது பெய்லிப் பாலம். இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி வடிவமைத்தது. 10 அடி நீளம், 5 அடி உயரத் துண்டை ஆறுபேர் தூக்கி, அடுத்த துண்டோடு ஊசியாணி செருகிப் பூட்டலாம். உள்ளே பார்த்தால் சாய்கோல்கள் சாய்சதுரமாய் ஓடும். டித்வா புயல் ஓய்ந்தபின் 2025 டிசம்பரில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் பூட்டிய 120 அடிப் பாலமும் இதே சாதி. தற்காலிகம் என்று வந்தது தற்காலிகமாகவே கழற்றப்படும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிரந்தரமாக நின்றதைக் கழற்றும்போதுதான் யோசிக்க வேண்டும். மட்டக்களப்புக் கல்லடியில் 2013 இல் புதிய பாலம் திறந்தபோது வெள்ளைக்காரர் காலத்துச் சட்டப்படலைப் பக்கத்திலேயே நிற்க விட்டார்கள். அது நல்ல முடிவு.

பெயர் சரியாயிருக்க வேண்டிய இடமும் இதுவே. கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) "பழைய இரும்புப் பாலத்தை அகற்றல்" என்று எழுதினால் வாசிப்பவர் கண்ணில் பழைய இரும்புதான் படும். கிலோ கணக்குக்கு விலை பேசி முடித்துவிடலாம். "ஊசிமூட்டுச் சட்டப்படற் பாலம்" என்று எழுதினால், கழற்றி ஒரு வாய்க்காலுக்கு மேலே நடைபாலமாகப் பூட்டலாமே என்று யாராவது கேட்கவாவது இடமிருக்கும். கொங்கிறீட் பாலத்தை அப்படிப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

எல்லாப் பழம் பாலத்துக்கும் இச்சொல் பொருந்தாது. முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம் பழையதுதான், ஆனால் தாழ்வான கொங்கிறீட் பாலம். தூணுக்குத் தூண் கனத்த விட்டம் கிடத்தியது இரும்பாயிருந்தாலும் உத்தரப் பாலமே. வீதிக்குக் கீழே குழாயோ கண்ணோ வைத்தது மதகு, வெள்ளம் மேலால் பாய விட்டது தாம்போதி. எழுத்தில் சட்டப்படற் பாலம் என்று புணர்த்துவது முறை. பேச்சில் சட்டப்படல் பாலம் என்றாலும் குற்றமில்லை.