மட்டக்களப்புக் கோட்டைச் சுவருக்கு ஏன் சீமெந்து ஆகாது

மட்டக்களப்பில இருக்கிற புளியந்தீவுக் கோட்டையைப் பற்றி ஆரும் கதைக்கத் தொடங்கினா வாறது சரித்திரம்தான். 1628ல போர்த்துக்கீசர் கட்டினாங்க, 1638ல ஒல்லாந்தர் பிடிச்சாங்க, 1795ல வெள்ளைக்காரன்ட கைக்குப் போச்சு, பிறகு கச்சேரி, அதான் மாவட்ட அரச அலுவலகம், உள்ளுக்க நடந்தது. ஆர் ஆரைச் சுட்டுப் பிடிச்சாங்க எண்டது சரி, ஆனா இண்டைக்கு அந்த மாதிரிச் சுவரை அரிச்சுத் தின்னுறது ஆரெண்டு கேட்டா, நாம சோத்துக்குப் போடுற உப்புத்தான். பகிடி இல்ல.

வாவியோரத்தில நிக்கிற எந்தப் பழைய சுவரையும் கிட்டப் போய்ப் பாருங்க. அடிப்பக்கம் கறுத்து ஈரமா இருக்கும், அதுக்கு மேல முழங்கால், இடுப்பு உயரத்தில வெள்ளையா உப்புப் பூத்திருக்கும், அந்த இடத்தில பூச்சை விரலால தொட்டாலே பொருபொருண்டு கொட்டும். மழை மேல இருந்துதானே பெய்யுது, ஏன் சுவர் கீழ பழுதாகுது?

கல்லு, செங்கல், சாந்து எல்லாத்துக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. அதுக்குள்ள தண்ணி தன்ட பாட்டில மேல ஏறும், துளை எவ்வளவு சின்னனோ அவ்வளவு உயரத்துக்கு ஏறப் பார்க்கும். கோட்டையை ரெண்டு பக்கம் வாவி, மத்த ரெண்டு பக்கம் அகழி எண்டு வைச்சுக் கட்டினது எதிரி கிட்ட வராம இருக்க, அது நல்ல யோசனைதான், ஆனா அதே தண்ணி நிலத்துக்குள்ளால சுவரின்ட அத்திவாரத்துக்கு வந்து நிக்கும், அதுவும் நல்ல தண்ணி இல்ல, கடலோட கலந்த உவர்த்தண்ணி. ஏறின தண்ணி காத்துப் பட்டுக் காயும். உப்பு காயாது, அங்கேயே தங்கிடும். வருஷக்கணக்கா இப்படிச் சேர்ந்துகொண்டே போகும்.

சேர்ந்த உப்பு சும்மா கிடந்தா அவ்வளவு பிரச்சினை இல்ல. காத்தில ஈரப்பதன் கிட்டத்தட்ட 75 வீதத்துக்கு மேல போனா சோத்து உப்பு காத்தில இருக்கிற தண்ணியையே இழுத்துக் கரைஞ்சிடும், அதுக்குக் கீழ வந்தா திரும்பப் பளிங்காகிடும் (அடுப்படியில உப்புப் போத்தல் மாரியில கசியிறது இதாலதான்). துளைக்குள்ள பளிங்கு வளரேக்க அது துளைச் சுவரைத் தள்ளும். கல்லையும் சாந்தையும் மேல இருந்து அமத்தினா எவ்வளவும் தாங்கும், உள்ளுக்க இருந்து பிரிச்சுத் தள்ளினா தாங்காது. ஒரு தடவை தள்ளினா ஒண்டும் தெரியாது, ஆனா கரையிறதும் பளிங்காகிறதும் மாறி மாறி ஆயிரக்கணக்கில நடந்தா கல்லே மாவாகும்.

இந்த விளையாட்டுக்கு எங்கட ஊர்க் காலநிலை மாதிரி வாச்ச இடம் கிடைக்காது. மாரியில எல்லாம் ஊறி, உப்பு கரைஞ்சு சுவருக்குள்ள ஆழமாப் போய் இருக்கும். பிறகு வைகாசி, ஆனியில கச்சான் காத்து. தென்மேல் பருவக்காத்து மழையை எல்லாம் மலைநாட்டுக்கு அங்கால கொட்டிப்போட்டு, இந்தப் பக்கம் இறங்கேக்க சூடாகிக் காய்ஞ்சு வரும், உதடு வெடிக்கிற காலம். அந்தக் காத்து சுவரைக் கெதியாக் காய வைக்கும். தண்ணி வெளிமுகத்துக்கு வந்து சேர முதலே உள்ளுக்கயே ஆவியாகிடும், அப்ப உப்பும் உள்ளுக்கயே பளிங்காகும். வெளியில வெள்ளையாப் பூக்கிற உப்பைத் தூரிகையால தட்டிவிடலாம், உள்ளுக்க பூக்கிறதுதான் சுவரின்ட முகத்தையே தகடு தகடாக் கழட்டி விழுத்தும்.

இப்ப சீமெந்துக்கு வருவம். சுவர் பொரிஞ்சு கொட்டுது எண்டா உடனே ஆக்கள் செய்யிறது மேசனைக் கூப்பிட்டு நல்ல கட்டியா சீமெந்துப் பூச்சுப் பூசுறது. ரெண்டு வருஷத்துக்குப் பார்க்க வடிவா இருக்கும். ஆனா சீமெந்துப் பூச்சுக்குள்ளால ஈரம் லேசில வெளியேறாது, அதால ஏறி வாற தண்ணி காய வழியில்லாம இன்னும் மேல ஏறும், முதல்ல இடுப்பளவில நிண்ட ஈரம் தலைக்கு மேல போகும். உப்பும் பூச்சுக்குப் பின்னால பழைய கல்லுக்குள்ள சேரும். சீமெந்துக்குள்ளயே கரையக்கூடிய உப்புகளும் கொஞ்சம் இருக்கு, அது வேற. பிறகு ஒரு நாள் அந்தப் பூச்சு பலகை மாதிரிக் கழண்டு விழேக்க பழைய கல்லின்ட முகத்தையும் பிச்சுக்கொண்டு வரும். பலமான சாமான் போட்டா சுவரும் பலமாகும் எண்டு நினைக்கிறதுதான் இதில பெரிய பிழை எண்டு நான் சொல்லுவன்.

1628ல சீமெந்து எங்க இருந்தது? போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்ததே 1824ல. அதுக்கு முதல் கரையோரத்தில கட்டினது சுண்ணாம்பிலதான், முருகைக்கல்லையும் (கடல் பவளப்பாறை) சிப்பியையும் சூளையில போட்டு 900 பாகை செல்சியஸ் அளவில சுடுவாங்க. சுடேக்க காபனீரொட்சைட்டு போயிடும், 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் சுட்டா 56 கிலோதான் மிஞ்சும், மிச்சம் 44 கிலோவும் வாயுவாப் பறந்திடும். மிஞ்சினதில தண்ணி ஊத்தினா கொதிச்சு நீறும். அதை மணலோடு குழைச்சுப் பூசினா, காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டைத் திரும்ப எடுத்து மெல்ல மெல்லக் கல்லாகும். கல்லைச் சுட்டு, குழைச்சு, வேண்டின இடத்தில வைச்சுத் திரும்பக் கல்லாக்கிற வேலை இது. நினைச்சுப் பார்த்தா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான். சின்ன வெடிப்பு விழுந்தா மழைத்தண்ணி கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைச்சுக்கொண்டு போய் அந்த வெடிப்புக்குள்ளயே படிய விடும், அப்படிச் சில வெடிப்புகள் தானா அடைபடும்.

சுண்ணாம்புப் பூச்சு மெத்தெண்டு இருக்கும், ஈரத்தை வெளிய விடும். அதால தண்ணி பூச்சு வரைக்கும் வந்து அங்க காயும், உப்பும் பூச்சுக்குள்ள சேரும், பழுதாகிறதும் பூச்சுத்தான். சைக்கிள்ல பிரேக் கட்டை தேயலாம், ரிம் தேயக்கூடாது, அதே கணக்கு. சில வருஷத்துக்கு ஒருக்கா பூச்சைச் சுரண்டிப்போட்டுத் திரும்பப் பூசுவாங்க, உப்பு அந்தப் பூச்சோட வெளியேறிப் போகும். இன்னும் கூடுதலா உப்பு எடுக்கோணுமெண்டா கடதாசிக் கூழையோ களிமண்ணையோ சுத்தத் தண்ணியில குழைச்சுச் சுவரில அப்பிக் காயவிடுறது, காயேக்க உப்பு அதுக்குள்ள இழுபட்டு வந்திடும். தண்ணிக்குள்ள இறங்கி நிக்கிற பகுதிக்கு வெறும் சுண்ணாம்பு இறுகாது, அதுக்கு அளவான சூட்டில சுட்ட செங்கல் தூள் சேர்த்தா தண்ணிக்குள்ளயும் இறுகும். ஒல்லாந்தர் தங்கட நாட்டில இதே வேலைக்கு எரிமலைக் கல் தூள் போட்டவங்க.

இண்டைக்கு முருகைக்கல் எடுக்கிறது சட்டப்படி குற்றம், எடுக்கவும் கூடாது, கரையை அலையில இருந்து காக்கிறதே அதுதான். சுண்ணாம்பு மலைநாட்டுச் சுண்ணாம்புப் பாறையைச் சுட்டும் எடுக்கலாம்.

உப்பைப் போல சுவரைப் பழுதாக்கிற இன்னொண்டு மரக்கண்டு, அதைச் சுருக்கமாச் சொல்லுறன். காகம் ஆலம்பழம், அரசம்பழம் திண்டு எச்சம் போட்டா அந்த விதை சாந்து வெடிப்பில முளைக்கும். ரெண்டு இலை விடேக்கயே பிடுங்கோணும். வளர்ந்த பிறகு இழுத்துப் பிடுங்கினா வேரோட கல்லும் வரும், அப்ப அறுத்துவிட்டு அடியை மருந்து போட்டுச் சாகவிட்டு, பிறகுதான் சாந்தால அடைக்கோணும். ஆனா ஆர்வத்தில ஆரும் கத்தியோட போயிடாதீங்க, தொல்பொருள் திணைக்களத்தின்ட அனுமதி இல்லாம இப்படியான இடங்களில கை வைக்க ஏலாது.

பூசுற காலமும் முக்கியம். சுண்ணாம்பு இறுகுறதுக்குக் காத்தும் வேணும், கொஞ்சம் ஈரமும் வேணும், ஏனெண்டா காபனீரொட்சைட்டு தண்ணியில கரைஞ்சுதான் வேலை செய்யும். மாரியில பூசினா கழுவுப்படும். கச்சானில பூசினா இறுக முதலே காய்ஞ்சு, கையால தேய்ச்சா பவுடர் மாதிரி வரும். அதால மாரி முடிஞ்ச கையோட, மாசி பங்குனியில மெல்லிசா ஒரு படை பூசி, ஈரச்சாக்கு தொங்கவிட்டு, அது இறுகின பிறகு அடுத்த படை பூசோணும். ஒரே மூச்சில தடிப்பா அப்பினா வெளிப்பக்கம் மட்டும் கல்லாகி உள்பக்கம் மாசக்கணக்கில பச்சையாவே கிடக்கும்.