முகத்தை மட்டும் வெட்டித் தாங்கோ எண்டு கேக்காதேங்கோ

கிளிநொச்சியில ஸ்ரூடியோ வச்சிருக்கிறன். இப்ப கலியாணவீட்டு வேலையை விட கல்வெட்டு வேலைதான் கூட, செத்த ஆக்களின்ர நினைவாக் குடுக்கிற புத்தகம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நாலு நாள் இருக்கேக்க ஒரு படத்தோட ஓடி வருவினம், அண்ணா முகத்தை மட்டும் வெட்டி, பின்னால நீலம் போட்டு, ஒரு கோட்டும் மாட்டி விடுங்கோ எண்டு. நானும் வருசக்கணக்கா மாட்டினனான். வாழ்க்கையில சேட்டே ஒழுங்காப் போடாம வயலுக்க நிண்ட எத்தினை மனுசருக்கு கோட்டு மாட்டி அனுப்பியிருக்கிறன்!

போன வருசம் தர்மபுரம் பக்கத்தில இருந்து ஒரு பிள்ளை அப்பப்பாவின்ர படத்தோட வந்தவ. போனுக்க இருந்த படம், கலர் மங்கிப் போச்செண்டு ஏதோ ஒரு அப்பில போட்டு கிளியர் ஆக்கிக் கொண்டு வந்திருக்கிறா. முகம் பளிங்கு மாதிரி, எழுபது வயசு மனுசனுக்கு ஒரு சுருக்கும் இல்லை. ஆனா அவருக்குப் பின்னால பச்சையா ஒண்டு, வாழையிலை மாதிரியும் இருக்கு, வாழையிலையும் இல்லை. இதென்ன பிள்ளை எண்டு கேட்டன். தெரியாதண்ணா, அதை வெட்டி எறியுங்கோ எண்டா.

எனக்கு மனம் விடேல்லை. அசல் எங்க எண்டு கேக்க, கனடாவில பெரிய மாமியிட்ட. சின்ன மாமியின்ர சாமத்தியவீட்டுப் படமாம், சண்டையால மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல திறந்த கையோட ஆரோ போன ஆளிட்டக் குடுத்து விட்டது. வீட்டில இருந்த ஆல்பம் 2009 சண்டையில போட்டுது, அது இஞ்ச எல்லாருக்கும் ஒரே கதைதான், விடுவம். மாமிக்கு கோல் எடுத்து, போனால படம் எடுக்காதேங்கோ, லைற் பட்டு மினுங்கும், ஸ்கானரில 600 டிபிஐயில வையுங்கோ, வட்ஸ்அப்பில அனுப்பிறதெண்டா டொக்கியுமென்ட் எண்டு போட்டு அனுப்புங்கோ, சும்மா படமா அனுப்பினா அது சுருக்கிப்போடும் எண்டு சொல்லிக் குடுத்தன். 4க்கு 6 அங்குலப் படம்தான், 600இல ஸ்கான் பண்ணினா 2400க்கு 3600 பிக்சல் வரும், பெருப்பிச்சுப் பாக்க அது காணும்.

பெருப்பிச்சுப் பாத்தா அது தகரம். கவுட்டுப் போட்ட சைக்கிள், பின் சில்லில டயர் இல்லை, வெறும் ரிம், அதில இருந்து வெட்டின ரியூப்பை பெல்ற் மாதிரி இழுத்து ஒரு தண்டில மாட்டியிருக்கு, தண்டின்ர நுனியில தகர இதழ். ஒரு இதழில நிவாரண எண்ணெய் ரின்னின்ர எழுத்து தலைகீழாக் கிடக்கு. அந்த எழுத்தைத்தான் அப் வாழையிலை ஆக்கினது.

அப்பம்மாவுக்கு போனில படத்தைக் காட்டச் சொன்னன். மனிசி சிரிச்சு முடிய அஞ்சு நிமிசம். "அது நெல்லுத் தூத்திற காத்தாடி தம்பி. டீசல் இல்லாத காலம், ட்ரக்டர் ஓடாது, காத்தும் விழாது, சூடடிச்ச நெல்லு களத்தில கிடக்கு. இந்த மனுசன் ரெண்டு பெடியளை மாறி மாறிப் பெடல் சுத்த விட்டுத் தூத்தினது. ஊர்ச்சனம் இரவல் கேட்டு வரும்." வெல்டிங் கிடையாது, எல்லாம் போல்டும் கம்பியும்தானாம்.

தொண்ணூறுகளின்ர பொருளாதாரத் தடைக்குள்ள இருந்த ஆக்களுக்கு இது புதுசில்லை. துளி பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினது, பற்றறி இல்லாம சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டது (6 வோல்ட் 3 வாட் சாமான் அது, அதுக்குள்ள ஒராள் செய்தி முடியுமட்டும் கை நோகச் சுத்தவேணும்), ஜாம் போத்தல் விளக்கு, எல்லாம் ஆரோ ஒரு சித்தப்பாவோ மாமாவோ யோசிச்சுச் செய்ததுதான். ஆனா அவையளை நிப்பாட்டி, செய்த சாமானோட ஆர் படம் எடுத்தது? பிலிம் ரோலே கிடைக்காது, கிடைச்சாலும் 36 படம், அதை மணவறைக்கும் சாமத்தியவீட்டுக்கும்தான் எண்ணி எண்ணி அடிச்சவை. அதால உங்கட வீட்டுக் கெட்டிக்காரன்ர சாமான் ஏதும் படத்தில இருக்கெண்டா அது வேற ஆற்றயோ கொண்டாட்டத்தின்ர மூலையிலதான் இருக்கும், கிணத்தடியில, மால் கொட்டில் பக்கத்தில, பந்தலுக்குப் பின்னால. அதைத்தான் நாங்கள் வெட்டி எறியிறம்.

அசல் படம் கையில இருக்கிற ஆக்களுக்கு: பசை ஒட்டின பக்கமும் மேல பிளாஸ்ரிக் தாளும் உள்ள ஆல்பம் படத்துக்கு நஞ்சு, லேசாக் கழண்டு வாறதுகளைக் கழட்டி கடதாசி என்வலப்பில வையுங்கோ. பிறேமின்ர கண்ணாடியில ஒட்டின படத்தை இழுக்காதேங்கோ, மேல்தோல் கண்ணாடியோட போடும், கண்ணாடியோடயே கொண்டு வாங்கோ, அப்பிடியே ஸ்கான் பண்ணலாம். பின்னால எழுதிறதெண்டா மெல்லமா பென்சிலால, பேனை அமத்தினா முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். லமினேற் பண்ணவே வேண்டாம், பிறகு பிரிக்கேலாது. கலர் படம் கறுப்பு வெள்ளையை விடக் கெதியா மங்கும், அதால முதல் ஸ்கான் பண்ணவேண்டியது தொண்ணூறுகளின்ர கலர் படங்களைத்தான், தாத்தாவின்ர கறுப்பு வெள்ளைக் கலியாணப்படம் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும்.

அப்பில போட்டு வடிவாக்கிப் பாக்கிறதை நான் தடுக்கேல்லை, ஆசைதானே. அசலை அழிச்சுப்போட்டுச் செய்யாதேங்கோ, அவ்வளவுதான். அந்த அப்புக்கு முகம் தெரியும், கண்ணும் மூக்கும் எங்க இருக்கவேணுமெண்டு தெரியும், தர்மபுரத்தில 1998இல ஒரு மனுசன் எண்ணெய் ரின் வெட்டி என்ன செய்திருப்பான் எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?

பிள்ளை கடைசியில கல்வெட்டின்ர முன்பக்கத்துக்கு கோட்டு போட்ட படம்தான் கேட்டா, போட்டுக் குடுத்தன், உள்பக்கத்தில முழுப்படம். அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு நானும் போனன். பந்தியில இருந்த கிழடுகள் சோத்தையும் விட்டிட்டு அந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு சண்டை, காத்தாடிக்கு இதழ் நாலு எண்டு ஒராள், ஆறு எண்டு இன்னொராள், தான் பெடல் சுத்தினவனாம். படத்தில நாலுதான் தெரியுது, மிச்ச இடத்தை சின்ன மாமியின்ர சீலை மறைக்குது. பைலோட சேத்து அப்பிடியே எழுதி வச்சிருக்கிறன்: நாலு தெரியுது, ஆறு எண்டும் சொல்லினம்.