வெட்டை நோய்க்குக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அப்புறம் மஞ்சளாகச் சீழ். இந்தத் தொல்லையோடு என்னிடம் வரும் ஆண்களில் பலர், அதற்கு முன்பே மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோஃப்ளாக்சசினோ அசித்ரோமைசினோ கேட்டு வாங்கிப் போட்டிருப்பார்கள். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். அது எனக்குப் புரிகிறது. ஆனால் உடலுறவில் தொற்றும் கொனோரியா எனப்படும் வெட்டை நோயில் அந்த மாத்திரைகளை இன்று நம்ப முடியாது. எரிச்சல் அடங்கினாலும் கிருமி உள்ளேயே இருக்கலாம், துணைக்கும் தொற்றலாம்.

மருந்துக்குத் தப்புவதில் கைதேர்ந்த கிருமி இது. 1930களில் வந்த சல்ஃபா மருந்துகள் அடுத்த பத்தாண்டிலேயே பலனிழந்தன. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியோடு 1976இல் புது வகைகள் தலைகாட்டின. பிறகு டெட்ராசைக்ளின் போனது, சிப்ரோஃப்ளாக்சசினும் போனது. இப்போது மிஞ்சியிருப்பதில் முக்கியமானது செஃப்ட்ரையாக்சோன் ஊசி. 2018இல் பிரிட்டனில் ஒருவருக்குத் தொற்றிய கிருமி அதையும் அசித்ரோமைசினையும் சேர்த்தே எதிர்த்து நின்றது. எர்டாபெனெம் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றித்தான் குணப்படுத்தினார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது தொண்டை. வாய்வழி உறவில் அங்கே தொற்றும் கொனோரியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, மருந்துக்கும் எளிதில் மசியாது. தொண்டையில் இதன் உறவுக்காரக் கிருமிகள் தீங்கு செய்யாமல் குடியிருக்கின்றன. சளி, காய்ச்சல் என்று நாம் தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் அவற்றுக்கு எதிர்ப்பைப் பழக்குகிறது. அந்த எதிர்ப்பு மரபணுக்களை கொனோரியா அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்ளும். ஆகவே ஜலதோஷத்துக்குப் போட்ட மாத்திரைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு.

இதேபோல் உறவில் தொற்றும், மேகப்புண் எனப்படும் சிபிலிஸில் மட்டும் பெனிசிலின் இன்னும் முழுமையாக வேலை செய்கிறது. அசித்ரோமைசினை அங்கேயும் நம்ப முடியாது.

சரி, என்ன செய்யலாம்? மாத்திரை போடும் முன்பே பரிசோதனைக்கு வாருங்கள். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க, சீழை எடுத்து ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க (கல்ச்சர்) வேண்டும்; ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டால் கிருமி வளராமல் போகலாம். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென உள்ள சுகவாழ்வு மையங்களில் சிகிச்சை இலவசம், விவரம் வெளியே போகாது. துணையையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். பெண்களில் பலருக்கு அறிகுறியே இருக்காது, ஆனால் கருக்குழாய் பாதித்துக் குழந்தையின்மை வரை போகும். இருவருக்கும் சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகும்வரை உறவு வேண்டாம். தொல்லை திரும்பினால் அதே மாத்திரையை மறுபடி வாங்காமல் நேராக டாக்டரிடம் வாருங்கள்.