வாய் திறப்பதற்கு முன்: ஜாவா மொழியும் சோமாலியும்

ஜாவா தீவின் சோலோ நகரத்தில் ஒரு பள்ளிப் பையன். அவனுடைய அப்பா வெளியூரிலிருந்து வந்துவிட்டார். இதை நண்பனிடம் சொன்னால் 'பாபக் விஸ் ரவுஹ்'. ஆசிரியரிடம் சொன்னால் 'பாபக் சம்புன் ரவுஹ்'. வந்தது அப்பா இல்லை, உடன் படிக்கும் அலி என்றால்? நண்பனிடம் 'அலி விஸ் தெகோ', ஆசிரியரிடம் 'அலி சம்புன் டதெங்'. சொல்ல வந்த சேதி 'வந்தாச்சு' என்பதுதான். அதற்குள் நான்கு வாக்கியங்கள்.

இதன் சூட்சுமம் இரண்டு தராசுகள். ஒன்று யாரிடம் பேசுகிறோம் என்பதை நிறுக்கிறது. மற்றொன்று யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை. நெருங்கியவர்களிடம் பேசும் பேச்சுக்கு 'ங்ஙொகோ' என்று பெயர், மரியாதைப் பேச்சுக்குக் 'க்ரொமோ'. கேட்பவர் மாறினால் 'விஸ்' போய் 'சம்புன்' வரும். பேசப்படுபவர் பெரியவர் என்றால் 'க்ரொமோ இங்கில்' என்ற உயர்சொல் வரிசையிலிருந்து 'ரவுஹ்' வரும், கேட்பவர் யாராக இருந்தாலும். தமிழில் நாம் 'வந்தான்', 'வந்தார்' என்று வால் பகுதியை மட்டும் மாற்றித் தப்பித்துக்கொள்கிறோம். ஜாவாவில் சொல்லே மாறும். தூங்குவதற்குத் துரு, திலெம், சரே என்று மூன்று சொற்கள். ஒன்றுக்கொன்று ஒலியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நல்லவேளை, அகராதி முழுவதும் இப்படி இல்லை. உண்பது, உறங்குவது, போவது, வீடு, கை, கண் போன்ற அன்றாடச் சொற்களில்தான் இந்தப் பாடு.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. உயர்சொல்லைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் 'நான் சரே' என்று சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். தனக்குத் 'திலெம்' போதும்.

இந்த அடுக்குமுறை ஜாவாவை ஆண்ட மத்தராம் அரசவைக் காலத்தில் விரிந்து இறுகியது. 1917இல் சுரபாயாவில் 'ஜாவா டீப்பா' என்றொரு இயக்கம் கிளம்பி, க்ரொமோவைக் கைவிட்டு எல்லோரும் ங்ஙொகோவிலேயே பேசுவோம் என்றது. அது எடுபடவில்லை. இன்றைய இளைஞர்கள் பலர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: எந்தப் படியில் பேசுவது என்று குழம்பினால் இந்தோனேசிய மொழிக்குத் தாவிவிடுகிறார்கள். எட்டுக் கோடிப் பேர் அளவில் பேசும் ஜாவா மொழியை விட்டு, மலாயை அடிப்படையாகக் கொண்ட அந்த இந்தோனேசிய மொழியை 1928இல் இந்தோனேசிய இளைஞர் மாநாடு பொதுமொழியாக ஏற்றதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சரி, அதே அலியை சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவுக்கு அழைத்துப் போவோம்.

சோமாலி, அரபியும் எபிரேயமும் இருக்கும் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பத்தின் கூசித்தியக் கிளை. ஜாவா மொழியோ மலாய், பிலிப்பைன்ஸின் தகாலோகு, மடகாஸ்கரின் மலகாசி ஆகியவற்றின் உறவு. இரண்டுக்கும் பிறப்பால் தொடர்பில்லை. சோமாலிக்காரர் கேட்பவரின் தகுதியை நிறுத்துப் பார்த்து வினைச்சொல்லைத் தேட வேண்டியதில்லை. அவர் வேறொன்றை முடிவு செய்தாக வேண்டும்: இந்த வாக்கியத்தில் புதுச் செய்தி எது?

'யா யிமித்?' என்றால் 'யார் வந்தது?'. அதற்குப் பதில் 'அலி பா யிமித்'. அதாவது அலிதான் வந்தான். அலி வந்தானா இல்லையா என்பது கேள்வியாக இருந்தால் 'அலி வூ யிமித்'. அந்தப் 'பா', தனக்கு முன்னால் நிற்கும் சொல்லின் மேல் விளக்கைப் போடுகிறது. நம்முடைய 'தான்' மாதிரி. ஆனால் நாம் 'தான்' போடாமலும் பேசலாம். சோமாலியில் வெறும் 'அலி யிமித்' என்றால் சாதாரணப் பேச்சில் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். விளக்கும் ஒன்றுதான், ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்தில் போட முடியாது.

அடுத்து பால். ஜாவா மொழியில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது. சோமாலியில் கல்லுக்கும் மரத்துக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. 'இனன்' என்ற சொல்லில் முதல் அசையை உயர்த்திச் சொன்னால் பையன், கடைசி அசையை உயர்த்தினால் பெண் பிள்ளை. அதைவிட வேடிக்கை, பல சொற்கள் பன்மையாகும்போது பால் மாறிவிடுகின்றன. 'நாக்' என்றால் பெண், பெண்பால்தான். 'நாகோ' என்று பன்மையாக்கினால் இலக்கணப்படி ஆண்பால். ஆசிரியர் ஆண்பால், ஆசிரியர்கள் பெண்பால்.

நமக்குப் பழகிய ஒன்றும் சோமாலியில் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் 'இன்னகா', சேர்க்காவிட்டால் 'அன்னகா'. நாம், நாங்கள்! ஜாவா மொழியின் உறவான மலாயில் இந்த வேறுபாடு இன்னும் இருக்கிறது. ஜாவா மொழி மட்டும் அதைத் தொலைத்துவிட்டது. சோமாலிக் கவிஞர்களும் நம்முடைய மோனைக்கு அடிமைகள். 'கபெய்' என்ற நெடும்பாட்டில் முதல் அடியில் பிடித்த ஒலியைக் கடைசி அடி வரை விடக் கூடாது.

எழுத்தில் இருவர் கதையும் வேறு. ஜாவாவின் 'ஹனசரக' எழுத்து பல்லவ எழுத்தின் வழித்தோன்றல். அந்த மொழியில் கிடைத்த பழைய கல்வெட்டு 804ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சோமாலியர்கள் அரபு எழுத்தா, ரோமன் எழுத்தா, 1920களில் உருவான உஸ்மானியா எழுத்தா என்று பல காலம் மல்லுக்கட்டி, 1972 அக்டோபரில்தான் ரோமனை அரசு எழுத்தாக அறிவித்தார்கள். பிறகு 1974இல் பள்ளி மாணவர்களை நாடோடி மேய்ப்பர்களிடம் அனுப்பி எழுத்தறிவிக்க வைத்தார்கள். தொண்டையடியில் பிறக்கும் ஒலிகளுக்கு ரோமனில் எழுத்து இல்லையே? சும்மா கிடந்த எழுத்துகளுக்கு வேலை கொடுத்தார்கள். அதனால்தான் அங்கே அலியின் பெயர் 'சி' என்ற எழுத்தில் தொடங்குகிறது.

இன்று ஜாவா மொழியையும் பெரும்பாலும் ரோமனில்தான் எழுதுகிறார்கள். இங்கே தமிழர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'அது' என்பதை ரோமனில் தட்டும்போது நாம் 'டி'யோடு 'ஹெச்' சேர்ப்போம். இந்த இரு மொழிகளிலும் அதே ஜோடி, நாக்கை மடித்துச் சொல்லும் 'வண்டி'யின் ட-வைக் குறிக்கும். ஹெச் இல்லாவிட்டால் நாக்கு பல்லைத் தொடும். ஜாவாவில் 'வெதி' என்றால் பயம், 'வெடி' என்றால் மணல். சோமாலியில் 'துல்' என்றால் மேற்பரப்பு, 'டுல்' என்றால் நிலம். ஆங்கிலேயர் காதுக்கு எளிதில் சிக்காத இந்த வேறுபாடு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு மொழிகளும் இஸ்லாத்தின் வழியே சந்தித்துக்கொள்கின்றன. வியாழன் ஜாவாவில் 'கெமிஸ்', சோமாலியாவில் 'கமீஸ்'. இரண்டும் அரபியில் ஐந்தாம் நாள். புத்தகம் டச்சுக்காரர்கள் ஆண்ட இடத்தில் 'புகு' ஆனது, ஆங்கிலம் புழங்கிய இடத்தில் 'பூக்' ஆனது. அதை உட்கார்ந்து படிக்கும் நாற்காலி மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே அரபுச் சொல்: குர்சி.